பங்கும் பதிவேடும்

சென்ற ஆண்டு ஆங்கில நாவல் பற்றிய வகுப்பொன்றிலே விரிவுரையாளர் எம்மை நோக்கி, "பரிஷ் என்னும் சொல்லைத் தமிழில் எங்ஙனம் கூறுவீர்கள்?" என வினவினார். மன்னாரைச் சேர்ந்த நண்பர் சற்றும் தயங்காது ‘பங்கு’ என்றார். கத்தோலிக்கரிடையே வழங்கும் சொல் அது. யாழ்ப்பாணத்து நண்பரொருவர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலே தம் பகுதியில் வழங்கிய ‘கோயிற்பற்று’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டினார். நான் வாளாவிருந்தேன். நோட்டன் பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலே பிறந்து, அங்கிலிக்கன் திருச்சபையிலே ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டுப் பேச்சில் ‘சர்ச்சு’ உண்டு, ‘சபை’ உண்டு, ‘ஐயர் வருகிறார்’ என்பதும் உண்டு. பரிஷ் என்பதற்கு ஒரு சொல் இருந்ததாக நினைவில்லை. பங்கு என்ற சொல்லை நான் அறிந்திருந்தது முற்றிலும் வேறொரு பொருளிலாகும். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

அவ்வினா என்னை விட்டு எளிதில் அகலவில்லை. ஜோர்ஜ் எலியட், தோமஸ் ஹார்டி முதலியோர் காட்டும் ஆங்கிலக் கிராமங்களிலே தேவாலயம் என்பது ஞாயிறு காலையில் மட்டும் திறக்கப்படும் கட்டடமன்று. பிறந்தவன் பெயர் எழுதப்படுவதும் இறந்தவன் உடல் அடங்குவதும் அங்கேயே. ஏழைக்கு ரொட்டி பகிரப்படுவதும், மணியடிப்போர் கூடிச் சச்சரவிடுவதும், குருமனைப் புல்வெளியிலே கேக்கும் பழந்துணியும் விற்றுக் கூரைக்குப் பணம் சேர்ப்பதும் அதன் நிழலிலேயே நடைபெறும். 1872இல் வெளிவந்த ‘அண்டர் த கிரீன்வுட் ட்ரீ’ என்னும் ஹார்டியின் நாவலில் ஒரு பாதி, பிடில் வாசித்து வந்த கிராமத்து முதியோரை விலக்கிவிட்டு ஓகன் இசைக்கருவியை அமர்த்தும் குருவானவரால் எழுந்த மனத்தாங்கலைப் பற்றியதே. முதலில் இதனைப் படித்தபோது, இதற்கு ஏன் இத்தனை பாடு என்றே எண்ணினேன். பின்னரே, நத்தார்க் கால வீட்டுப் பவனிகளில் டோலக் அடித்துவந்த என் தாத்தா, சபைக்கு மின்விசைப் பலகை வந்து சேர்ந்த ஆண்டில் இரண்டு மாதம் பாடாதிருந்தமை நினைவுக்கு வந்தது. நாவல் புரிந்துவிட்டது.

எனினும் இத்தகைய இனிய காட்சிகளிலே மட்டும் மனத்தைப் பறிகொடுப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. பரிஷ் என்பது அடிப்படையில் ஓர் எல்லை. ஆண்டுதோறும் இயேசு விண்ணேற்ற நாளுக்கு முன்னர் ஊரார் திரண்டு அவ்வெல்லையைச் சுற்றிவருவர். எல்லைக் கற்களை அண்மியதும் சிறுவரைக் கோலால் ஓர் அடி அடிப்பதும் உண்டு. அடிபட்ட இடம் ஆயுள்வரை மறவாதன்றோ! அவ்வெல்லைக்கு உட்பட்டோர் அனைவரும், கோயிலுக்கு வருவோராயினும் வாராதோராயினும், அக்குருவானவரின் பொறுப்பாவர். 1538இல் தோமஸ் குரொம்வெல் விதித்த கட்டளைப்படி ஒவ்வொரு பரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் வறியோரைப் பேணும் கடமையையும் பரிஷின் தலையிலேயே சுமத்தியது. சுமத்தவே, சுமையைக் குறைக்கும் தந்திரமும் உடன் பிறந்தது. 1662ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டப்படி, பொதுப்பணத்துக்குப் பாரமாகக்கூடும் எனக் கருதப்பட்ட புதியவரை நாற்பது நாட்களுக்குள் அவர் முன்னைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். கருவுற்ற ஏழைப் பெண்களை, பிள்ளை தம் எல்லையிற் பிறந்து தமக்குரியதாகிவிடுமே என அஞ்சி, அடுத்த ஊருக்குள் தள்ளிவிட்ட செய்திகளும் உள. யார் இங்குள்ளவர், யார் திருப்பி அனுப்பப்படவேண்டியவர் என்னும் கேள்வி மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை நூலக மேசையிலிருந்து அறிந்துகொண்டேன். அதனினும் வியப்பு அச்சொல்லின் மூலத்திலே காத்திருந்தது. கிரேக்கத்தில் அது அயலிலே குடியிருத்தலையும், அந்நிய நாட்டில் தங்கி வாழ்தலையும் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். தங்கி வாழ வந்தோர்க்குரிய சொல், பின்னாளில் வந்தோரைத் துரத்தும் எல்லைக்கும் பெயராயிற்று.

அவ்வெல்லையைச் சிலர் வேறு வகையிலும் விளங்கிக்கொண்டனர். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையாகிய கோர்ன்வாலிலே, கடலோரப் பாறைகளின் மேலமைந்த மோர்வென்ஸ்டோ என்னும் ஊரில் ஆர். எஸ். ஹோக்கர் என்பவர் குருவானவராக இருந்தார். அவர் புலவர், சற்று விசித்திரமான போக்கினரும் ஆவார். இன்று உலகெங்குமுள்ள அங்கிலிக்கன் ஆலயங்களில் கொண்டாடப்படும் அறுப்பின் பண்டிகை, 1843இல் அவர் தம் ஊரில் நடத்திய வழிபாட்டிலிருந்தே இன்றைய வடிவைப் பெற்றது என்பர். எனக்கு அவரிடம் மதிப்பு ஏற்பட்டது அதனாலன்று. அக்கரையிலே மரக்கலங்கள் அடிக்கடி உடையும். ஒதுங்கும் பிணங்களைக் கடற்கரை மணலிலேயே புதைத்துவிடுவது வழக்கம். ஹோக்கரோ பாறைகளில் இறங்கி, அவ்வுடல்களைச் சுமந்துவரச் செய்து, தம் கோயில் வளவிலே முறைப்படி அடக்கம் செய்வித்தார். 1842இல் உடைந்த ‘கலிடோனியா’ என்னும் கப்பலின் மாலுமிகள் அங்கேயே துயில்கின்றனர். அவர்கள் எந்நாட்டவர், எச்சபையினர் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எல்லைக்குள் வந்து கிடந்தனர்; அவ்வளவே அவருக்குப் போதுமாயிருந்தது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். ஹற்றனிலிருந்து டிக்கோயாவைக் கடந்து செல்லும்போது, காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிய மேட்டிலே வோர்லி கிறைஸ்ட் சேர்ச் என்னும் கருங்கல் ஆலயம் தோன்றும். 1878இல் கட்டப்பட்டது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும், துரைமாரின் கல்லறைகளும், கீழே விரிந்த நீர்ப்பரப்பும் சேர்ந்து, இங்கிலாந்தின் கிராமமொன்றைப் பெயர்த்து வைத்தாற் போலிருக்கும். உல்லாசப் பயணிகள் அவ்வாறு கூறி மகிழ்வதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஏரி ஆங்கிலேயர் கண்டதன்று. 1965இல் மின்திட்டத்துக்கெனத் தேக்கப்பட்டது. அங்கிருந்து சுரங்கவழி வரும் நீரே எங்கள் நோட்டனிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்குகின்றது. ஆலயம் எழுந்த காலத்தில் அம்மலைகளிற் பெரும்பாலும் கோப்பியே நின்றது. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அரித்துக்கொண்டிருந்தது. அழிந்துகொண்டிருந்த ஒரு பயிரின் பணத்தில், தாம் விட்டுவந்த ஊரைத் துரைமார் கல்லிலே எழுதிவைத்தனர் எனலாம். அவ்வேக்கத்தை நான் எள்ள மாட்டேன். எங்கள் முன்னோரும் கறுப்பண்ணசாமியையும் முனியாண்டியையும் மனத்திலே சுமந்துகொண்டுதானே கடல் கடந்து வந்தனர்.

பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் ஆலய வளவிலே, புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் மறைந்தவர். அருகிலே அவருடைய கணவர். கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களால் நம் வரலாற்றுப் பாடநூல்களில் இடம்பெற்ற அதே கமரன். இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் அம்மையார் தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைப் பலமுறை படம்பிடித்தார். அப்பெண்ணின் பெயர் கலைவரலாற்றில் நிலைத்துவிட்டது. இங்கு அவர் எடுத்த படங்களிலும் உழைக்கும் மக்கள் நிற்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோரின் பெயரோ எங்கும் எழுதப்படவில்லை. முகம் உண்டு, பெயர் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. ஒரு முகத்துக்கு இரண்டு பெயர்.

அதற்கு முன், தோட்டத் தமிழர் அத்திருச்சபைக்குள் வந்த வழியைச் சொல்லவேண்டும். 1854இல் கோப்பித் துரைமார் சிலரின் ஆதரவுடன் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டது. பெயரிலேயே கூலி என்னும் சொல்லை ஏந்திய திருப்பணி உலகில் வேறு எத்தனை உண்டோ அறியேன். சேர்ச் மிஷனரிச் சங்கத்தாரின் மேற்பார்வையில், உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து சென்று பிரட்டுக்களத்திலும் லயத்து முற்றத்திலும் போதித்தனர். 1875இன் இறுதியில், முப்பது வயதே நிரம்பிய றெஜினோல்ட் கொப்பிள்ஸ்ரன் கொழும்பு அத்தியட்சராக நியமனம் பெற்றார். துரைமாருக்கென இருந்த குருமார், தமிழர் மத்தியில் நடக்கும் பணியையும் தத்தம் பகுதிக்குள் மேற்பார்வை செய்யவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மிஷனரிமார் இணங்கவில்லை. 1876இல் அத்தியட்சர் அவர்களுடைய பணியுரிமைப் பத்திரங்களையே மீளப்பெற்றார். பிணக்கு இங்கிலாந்துவரை சென்று 1880இல் தான் தணிந்தது.

இதனை வெறும் அதிகாரப் போட்டி என ஒதுக்கிவிடுதல் எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. ஓர் எல்லைக்குள் வாழ்வோர் அனைவருக்கும் ஒரே மேய்ப்பர் என்னும் பழைய பரிஷ் நெறியையே இளம் அத்தியட்சர் வற்புறுத்தினார். அவ்வளவில் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் தமிழில் ஒரு வாக்கியமும் பேச அறியாத குருவானவர் லயத்து மக்களுக்கு எங்ஙனம் மேய்ப்பராவார்? அவ்வளவில் மிஷனரிமார் பக்கமும் நியாயம் உண்டு. இரு சாராரும் நான்கு ஆண்டுகள் வாதாடினர். எவர் பொருட்டு வாதாடினரோ அவர்கள் அன்றாடம் கூடை சுமந்துகொண்டிருந்தனர். முடிவில், என் நோக்கில், மலைகளிலே கட்டடம் வந்தது, மணி வந்தது, பாட்டு வந்தது. எல்லை மட்டும் இரண்டாகவே நின்றது. துரை கோயில் வளவிலே பெயர் பொறித்த கல்லின்கீழ் அடங்கினார். தொழிலாளி தேயிலைக்கு நடுவே அடங்கினார். சில ஆண்டுகளில் அவ்விடத்தைக் காட்டுவதற்கும் ஆள் இருப்பதில்லை.

எங்கள் சபையின் ஆலயம் வோர்லியைப் போன்றதன்று. தகரக்கூரையும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட சிறு மண்டபம். மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதனை அடிப்பது தாத்தாவின் உரிமை. குருவானவர் மாதம் ஒருமுறை வருவார்; ஏனைய ஞாயிறுகளில் உபதேசியார். தாய்மார் சங்கம் உண்டு. அது 1876இல் இங்கிலாந்தின் ஹம்சயர் மாவட்டத்துச் சிற்றூரொன்றிலே மேரி சம்னர் என்னும் குருவானவரின் மனைவி தொடங்கிய சங்கத்தின் கிளையென்பதை என் அப்பாயி இன்றும் அறியமாட்டார். அவருக்கு அது, பேறுகாலத்து வீட்டுக்கு முறைவைத்துச் சோறு கொண்டுபோகும் ஏற்பாடு.

அறுப்பின் பண்டிகை வரும்போது மட்டும் எனக்குச் சிறுவயது முதலே ஓர் ஐயம் எழும். அறுப்பது யாருடைய பயிரை? ஹோக்கரின் ஊரார் தம் வயலில் விளைந்த கோதுமையைக் கொண்டுவந்தனர். நாங்களோ ஆண்டு முழுவதும் பறிக்கிறோம். பறித்ததில் ஒரு கொழுந்தும் எமதன்று. ஆகவே லயத்தின் பின்புறத்து அரைக்கைத் துண்டு நிலத்தில் விளைந்த போஞ்சியும் கரட்டும், கோழி முட்டையும், சீமைக்கத்தரிக்காயும் பீடத்தின் முன் குவியும். வழிபாடு முடிந்ததும் ஏலம். ஒரு முட்டை பல கை மாறி, கோழியின் விலையைத் தாண்டிப் போகும். கடன்பட்டேனும் ஏலம் கேட்கும் மாமா ஒருவர் எமக்கிருந்தார். அவர் மனைவி அன்று மாலைவரை அவருடன் பேசமாட்டார். அப்பணத்திலேதான் எங்கள் கூரைத் தகரம் மாற்றப்பட்டது.

இனிப் பங்கு என்னும் சொல்லுக்கு வருகிறேன். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கான சந்தா, மதம் பாராது, சம்பளத்திலே கழிக்கப்பட்டு வந்தது. எங்கள் வீடும் கொடுத்தது. முனியாண்டி பூசையன்று கிடாய் வெட்டி, இறைச்சியை லயத்து வீடுகளின் எண்ணிக்கைப்படி கூறுபோட்டு, வாழையிலையில் வைத்து வாசலுக்கு வாசல் கொடுப்பர். அதற்குப் பெயர்தான் பங்கு. வேதக்கார வீடென்று எங்கள் வாசலை ஒருநாளும் தாண்டிச் சென்றதில்லை. படைத்ததை உண்ணலாகாது என்பது அப்பாயியின் உறுதி; ஆயினும் வந்த பங்கைத் திருப்பியனுப்புதல் அதனினும் பெரிய குற்றம் என்பதும் அவர் உறுதியே. இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றாமல் உள்ளே வைத்து, இருட்டிய பின் பிள்ளைகள் மிகுந்த அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். ஊரறிந்த இரகசியம் அது. மன்னார் நண்பர் வகுப்பிலே ‘பங்கு’ என்றபோது என் நினைவில் எழுந்தது அந்த வாழையிலையே.

பதிவேட்டின் கதை இத்துணை இனியதன்று. தாத்தாவின் தந்தையார் வாலிபராயிருக்கையில் ஞானஸ்நானம் பெற்றவர். புதுப்பெயர் தரப்பட்டது. அப்பெயரிலேயே திருமணமும், அப்பெயரையே தந்தை பெயராகக் கொண்டு பிள்ளைகளின் ஞானஸ்நானமும் பதிவாயின. தோட்டத்துச் செக்ரோலிலோ, கங்காணி முதலில் எழுதுவித்த பழைய பெயரே நீடித்தது. பெயர் மாற்றக் கணக்கப்பிள்ளையிடம் போய் நிற்க அவருக்கு நேரமிருக்கவில்லை. அது தேவையென எவரும் சொல்லவுமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கையில், இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. பூட்டனார் தம்மிடமிருந்த ஒரே ஆதாரத்தை நம்பினார். கோயிற் பதிவேட்டின் பிரதிகளைப் பெற்றுச் சென்றார். செக்ரோலில் உள்ளவர் ஒருவர், பதிவேட்டில் உள்ளவர் வேறொருவர் என்று தீர்ப்பாயிற்று. இரு பெயரும் ஒருவருக்கே என்று சொல்ல உபதேசியார் முன்வந்தாராம்; பயனில்லை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டு, ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர் என்பதைப் பின்னர் நூல்களிற் படித்தேன். எங்கள் வீட்டில் அது எண்ணாகப் பேசப்பட்டதேயில்லை; ‘ரெண்டு பேரு’ என்ற சொல்லாகவே பேசப்பட்டது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாத்தாவின் மூத்த சகோதரர் குடும்பத்துடன் இந்தியா சென்று நீலகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்கமர்ந்தார். தாத்தா போகவில்லை. 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே அவர் இந்நாட்டுக் குடிமகன் எனப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. அவ்வாறு எந்நாட்டவருமல்லாதிருந்த காலத்திலேதான், 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, எங்கள் ஊருக்கு அந்நியர் வந்தனர்.

இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின்எயர் விமானம், இரவு பத்து மணி கடந்த வேளையில் ஏழு கன்னியர் மலையில் மோதிற்று. யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 பேரும் மாண்டனர். ஓசை கேட்ட அப்பாயி மவுசாக்கலை அணைக்கட்டு உடைந்ததென்றே எண்ணி, நான்கு வயதான என் தந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாராம். அணைக்கடியில் வாழ்வோரின் முதல் அச்சம் அதுவே. பின்னர் மலையுச்சியில் தீயைக் கண்டனர். ஆண்கள் பந்தமும் டோர்ச் விளக்கும் ஏந்தி ஏறினர். உயிருடன் எவரும் இல்லை. மறுநாள் படையினரும் அதிகாரிகளும் வந்தனர். பெண்கள் அண்டா அண்டாவாகத் தேநீர் காய்ச்சினர். தாத்தா தம் கம்பளியைக் கொண்டுபோய் ஒருவர்மேல் போர்த்திவிட்டு வந்தார். அக்கம்பளியின் விலை சம்பளத்திலிருந்து இன்னும் கழிந்துகொண்டிருந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் சாக்கைப் போர்த்திக்கொண்டே வேலைக்குப் போனார்.

இறந்தோரிற் பெரும்பாலோர் அடையாளங் காணப்படாது, விழுந்த இடத்துக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். இன்று நினைவுச்சின்னம் உண்டு. அன்று முதல் நாள் மலைச்சரிவிலே, தாத்தா தாம் அறிந்த ஒரே செபமாகிய பரமண்டல செபத்தைச் சொன்னாராம். "அவுங்க துலுக்க ஆளுங்கன்னு அப்புறந்தான் தெரியும். சொன்னது சரியா தப்பான்னு இன்னமும் தெரியல" என்பார். கோர்ன்வால் பாறைகளில் இறங்கிய குருவானவரைப் பற்றி நான் விடுமுறையில் அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஆர்வத்துடன் கேட்டுவிட்டு, "அந்த ஐயரு பதிவேட்டுல அவுங்க பேர எப்பிடி எழுதினாரு?" என்று மட்டும் வினவினார். அதற்கு என்னிடம் விடையில்லை.

சென்ற நத்தாருக்கு முந்திய ஞாயிறன்று என் தமக்கையின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடைபெற்றது. வழிபாடு முடிந்து எல்லோரும் வெளியே தேநீருக்கு நிற்க, தாத்தா உள்ளேயே இருந்தார். குருவானவர் பதிவேட்டை விரித்து எழுதி முடித்ததும், எழுதியதை உரத்து வாசிக்கும்படி வேண்டினார். ஐயரும் புன்னகையுடன் வாசித்தார். தாத்தா மடியிலிருந்த பொலித்தீன் உறையைப் பிரித்து, குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டி, "ஐயா, இன்னொரு தரம் மெதுவா வாசிங்க, இவன் எழுத்துக்கு எழுத்து பாக்கட்டும்" என்றார்.